பிப்ரவரி திங்கட்கிழமை: அமெரிக்க உளவியல் இன்டர்ன்ஷிப்பின் கதை

போன பிப்ரவரி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கிளினிக்கை மூடிட்டு வந்து தட்டுல கை வைக்கிற நேரம். பள்ளிக்கூட நண்பன்கிட்ட இருந்து போன்.

"டேய், பாப்பாவுக்கு இன்டர்ன்ஷிப் கிடைக்கலையாம்டா. அழுதுட்டே இருக்கா. இன்டர்ன்ஷிப் தானே? வேற ஏதாவது ஆஸ்பத்திரியில கேட்டா தர மாட்டாங்களா?"

அவன் மகள் அமெரிக்காவில் கவுன்சலிங் சைக்காலஜியில் பிஎச்டி, ஐந்தாவது வருஷம். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். நம்மூர்ல எம்பிபிஎஸ் பாஸ் பண்ணினா ஹவுஸ் சர்ஜன் இடம் தானா வரும். அதுக்கு யாரும் விண்ணப்பம் போட்டு, இன்டர்வியூ போய், ரிசல்ட்டுக்காக நகம் கடிச்சதில்லை. நானும் கடிச்சதில்லை.

ஆனா அவங்க உலகம் வேற. பாடம் எல்லாம் முடிச்சு, ஆய்வேட்டையும் பாதிக்கு மேல எழுதி முடிச்ச மாணவி, ஒரு வருஷ முழுநேர இன்டர்ன்ஷிப் முடிக்காம டாக்டர் பட்டம் வாங்க முடியாது. அந்த இடத்தை அவங்க பல்கலைக்கழகம் தராது. நாடு முழுக்க இருக்கிற மையங்கள்ல போட்டி போட்டு அவங்களே பிடிக்கணும். கிடைக்கலைன்னா ஒரு வருஷம் தள்ளிப்போகும். கடன், வாடகை, விசா எல்லாம் அதோட சேர்ந்து தள்ளிப்போகும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதறேன். நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். தமிழ்நாட்டுல "கவுன்சலிங்"னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது இன்ஜினியரிங் சீட். இது அது இல்லை. மனநல ஆலோசனை. அதிலும் கவுன்சலிங் சைக்காலஜி என்பது கிளினிக்கல் சைக்காலஜிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு துறை. இன்னைக்கு ரெண்டுக்கும் நடுவுல கோடு ரொம்ப மெலிசு. ஆனா பிறந்த வீடு வேற.

கிளினிக்கல் பக்கம் 1896-ல தொடங்குது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர், படிப்பில் தடுமாறும் குழந்தைகளுக்காக ஒரு உளவியல் கிளினிக் திறந்தார். கவுன்சலிங் பக்கம் 1908-ல, பாஸ்டன் நகரத்துல. பிராங்க் பார்சன்ஸ் என்பவர் வேலை தேடி வந்த இளைஞர்களுக்கு "உனக்கு எந்தத் தொழில் பொருந்தும்?"னு உட்கார்ந்து பேச ஒரு அலுவலகம் தொடங்கினார். அதே வருஷமே இறந்தும் போயிட்டார். அவர் புத்தகம் 1909-ல, அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. ஒண்ணு குறையைப் பார்த்துத் தொடங்கியது, இன்னொண்ணு திறமையைப் பார்த்துத் தொடங்கியது. கவுன்சலிங் ஆட்கள் இன்னைக்கும் கொஞ்சம் பெருமையா இதைச் சொல்லிக்குவாங்க.

அந்தக் காலத்துல பயிற்சிக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. நியூஜெர்சியில வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளி மாதிரி சில இடங்கள்ல மாணவர்கள் போய்த் தங்கி வேலை கத்துக்கிட்டாங்க. மாசச்சூசெட்ஸ்ல வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனை இன்னொண்ணு. அங்கே தலைமை உளவியலாளரா இருந்தவர் டேவிட் ஷேகோ. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ரெண்டாம் உலகப் போர் எல்லாத்தையும் மாத்துச்சு. போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்த சிப்பாய்கள்ல லட்சக்கணக்கானவங்க மனசு உடைஞ்சு வந்தாங்க. 1946 வாக்கில் முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின் மருத்துவமனைகள்ல படுத்திருந்தவங்கள்ல பாதிக்கும் மேல மனநல, நரம்பியல் நோயாளிகள். இந்த நிர்வாகத்தைச் சுருக்கமா "விஏ"னு சொல்லுவாங்க. அப்போ அதுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஜெனரல் ஒமர் பிராட்லி. நார்மண்டியில படை நடத்தினவர்.

இத்தனை பேரைப் பார்க்க மனநல மருத்துவர்கள் போதாது. அதனால விஏ ஒரு வேலை செஞ்சுது. 1946-லேயே 22 பல்கலைக்கழகங்களோட கைகோத்து, சம்பளம் கொடுத்து, உளவியல் மாணவர்களைத் தன் மருத்துவமனைகள்ல பயிற்சிக்கு எடுத்துக்கிட்டது. முதல் அணியில் சுமார் 200 பேர். இன்னைக்கும் அமெரிக்காவுல உளவியல் இன்டர்ன்களுக்கு மிகப் பெரிய பயிற்சி இடம் விஏதான்.

அடுத்த வருஷம், 1947-ல, ஷேகோ தலைமையிலான குழு ஒரு அறிக்கை கொடுத்தது. நாலு வருஷ முனைவர் படிப்பு, அதுல மூணாவது வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். முதல்ல பாடம், அப்புறம் சின்னச் சின்ன களப்பயிற்சி, அதுக்கப்புறம் ஒரு வருஷம் முழுசா நோயாளிகளோட. 1949 ஆகஸ்ட்ல கொலராடோ மாநிலம் போல்டர் ஊர்ல 70-க்கும் மேற்பட்டவங்க ரெண்டு வாரம் உட்கார்ந்து பேசி, உளவியலாளர் என்பவர் ஆய்வாளராகவும் இருக்கணும், சிகிச்சை தர்றவராகவும் இருக்கணும்னு முடிவு பண்ணினாங்க. "போல்டர் மாடல்"னு இன்னைக்கும் சொல்றது இதைத்தான்.

கவுன்சலிங் ஆட்கள் 1951-ல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தனியா கூடினாங்க. "கவுன்சலிங் சைக்காலஜி"ங்கற பேர் நிலைச்சதே அப்போதான். அடுத்த வருஷமே விஏ மருத்துவமனைகள்ல கவுன்சலிங் உளவியலாளர்னு தனிப் பதவி வந்தது. மாசக்கணக்கா காசநோய் வார்டுல கிடக்கிற ஒரு முன்னாள் சிப்பாய், டிஸ்சார்ஜ் ஆனபிறகு என்ன வேலைக்குப் போவார்? இதைக் கேட்க ஒரு ஆள் வேணும்னு யாருக்கோ தோணியிருக்கு பாருங்க. காசநோயாளிகளைப் பார்க்கிற டாக்டரா எனக்கு அந்த யோசனை மேல பெரிய மரியாதை.

சரி, மேட்டருக்கு வருவோம். இன்டர்ன்ஷிப் கட்டாயம் ஆயிடுச்சு. இடங்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்குது. மாணவர்களும் சிதறிக் கிடக்கிறாங்க. யாரை எங்கே அனுப்பறது? இங்கேதான் கதை சூடு பிடிக்குது.

இதே சிக்கல் டாக்டர்களுக்கு முன்னாடியே வந்திருந்தது. 1940-களில் அமெரிக்க மருத்துவமனைகள் இன்டர்ன்களைப் பிடிக்க அடிச்சுக்கிட்டாங்க. மாணவன் படிப்பு முடிக்க ரெண்டு வருஷம் இருக்கும்போதே ஆஃபர் கொடுப்பாங்க. 1945-ல ஒரு ஒப்பந்தம் போட்டு, ஆஃபர் வந்தா யோசிக்க 10 நாள்னு வச்சாங்க. அந்தப் பத்து நாள் வருஷா வருஷம் சுருங்கிச் சுருங்கி, 1949-ல 12 மணி நேரமே ரொம்ப ஜாஸ்திங்கற நிலைமைக்கு வந்துடுச்சு! தந்தி வந்த உடனே பதில் சொல்லணும். நல்ல இடம் நாளைக்கு வரலாம்னு காத்திருந்தா இருக்கிறதும் போயிடும்.

கடைசியில 1952-ல ஒரு மையப் பட்டியல் முறை கொண்டு வந்தாங்க. மாணவர் தனக்குப் பிடிச்ச மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தரணும், மருத்துவமனை மாணவர்களை வரிசைப்படுத்தித் தரணும். இரண்டையும் சேர்த்துப் பொருத்தறதுதான் "மேட்ச்". நம்ம பிள்ளைகள் யுஎஸ்எம்எல்இ எழுதி ரெசிடென்சிக்குப் போறாங்களே, அதே மேட்ச்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு துணுக்கு. முதல்ல போட்ட கணக்கு முறையில ஒரு ஓட்டை இருந்தது. பெரிய மருத்துவமனையை ஆசைப்பட்டு முதல் இடத்துல எழுதி, அது கிடைக்கலைன்னா, இரண்டாவதா எழுதினதையும் இழக்க வேண்டி வரும். அதாவது ஆசைப்பட்டதுக்குத் தண்டனை. அதைக் கண்டுபிடிச்சு எதிர்த்தது பேராசிரியர்கள் இல்லை, மாணவர்கள். முன்னாடி நின்னவர் ஹார்வர்ட் மருத்துவ மாணவர் ஹார்டி ஹெண்ட்ரென். பின்னாளில் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றவர். அவங்க சத்தம் போட்டதால முறையையே மாத்தினாங்க.

டாக்டர்கள் 1952-ல கத்துக்கிட்ட இந்தப் பாடத்தை உளவியலாளர்கள் எப்போ எடுத்துக்கிட்டாங்க? 1999-ல! நாப்பத்தேழு வருஷம் கழிச்சு. மனித மனசைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க.

நடுவுல என்ன பண்ணினாங்க? 1968-ல இன்டர்ன்ஷிப் மையங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வச்சாங்க. இன்னைக்கு அதுக்குப் பேர் "ஆப்பிக்". 1970-களில் அவங்க ஒரு விதி கொண்டு வந்தாங்க: எல்லா மையங்களும் ஒரே தேதியிலதான் ஆஃபர் கொடுக்கணும். முதல்ல சில நாட்கள் அவகாசம். அப்புறம் அது சுருங்கி ஒரே நாள் ஆயிடுச்சு. பிப்ரவரி மாசம், இரண்டாவது திங்கட்கிழமை. 1990-களின் தொடக்கத்தில் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும். ஏழு மணி நேரத்துல ஒரு தேசத்தோட மொத்த இன்டர்ன்களும் முடிவாகணும். எல்லாம் போன்ல.

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. செல்போன் பரவாத காலம். மாணவி காலையிலிருந்து போன் பக்கத்துல. பாத்ரூம் போகக்கூட பயம். அம்மா வேற நடுவுல "என்னம்மா ஆச்சு?"னு போன் பண்ணினா லைன் பிஸி ஆயிடும். ஒன்பதேகாலுக்கு ஒரு மையம் கூப்பிடுது. அது அவ பட்டியல்ல மூணாவது. வேணாம்னு சொல்லவும் மனசு வராது, சரின்னு சொல்லவும் மனசு வராது. கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கா. அவ காத்திருக்கிறதால அந்த மையம் அடுத்த ஆளைக் கூப்பிட முடியலை. அந்த அடுத்த ஆள் வேற ஒரு ஆஃபரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். அவனால இன்னொரு மையம் நிக்குது. ஊரே ஒரு முட்டுச்சந்துல நிக்குற டிராபிக் மாதிரி. நாலு மணி நெருங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்துல ஹாரன் அடிப்பாங்க.

ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர், சியாலின் ஷிங் என்பவரோட சேர்ந்து இந்தச் சந்தையை ஆராய்ந்து 1997-ல ஒரு கட்டுரை எழுதினார். அவங்க கண்ட முக்கியமான விஷயம் இது: நேரம் போதாதுன்னு தெரிஞ்ச மையங்கள், "யார் உடனே சரின்னு சொல்லுவாங்க?"னு பார்த்து அவங்களுக்கு முதல்ல போன் போட்டாங்க. யார் சொல்லுவாங்க? இன்டர்வியூவில் "நீங்கதான் என் முதல் தேர்வு"னு சொன்னவங்க. அதைக் கேட்கக் கூடாதுன்னு விதி இருந்தது. ஆனா ஜாடையா கேட்கறதையும், கேட்காமலேயே மாணவர் சொல்றதையும் யார் தடுக்க முடியும்? சொன்னவனுக்குச் சீட்டு, சொல்லாதவனுக்குப் பட்டை நாமம். நேர்மையா வாயை மூடிக்கிட்டு இருந்த பிள்ளை நஷ்டப்பட்டுது. கேர்ள்பிரண்டுகிட்ட சொல்ற மாதிரி நாலு மையத்துக்கிட்ட "நீதான் எனக்கு எல்லாம்"னு சொன்ன பிள்ளை பொழைச்சுக்கிட்டது.

1999 பிப்ரவரியில இதுக்கெல்லாம் முற்றுப்புள்ளி. கம்ப்யூட்டர் மேட்ச் வந்தது. அதுக்குப் பயன்பட்ட கணக்கு முறை, இதே ராத், எலியட் பெரன்சன் என்பவரோட சேர்ந்து வடிவமைச்சது. அதோட அடித்தளம் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி ரெண்டு பேரும் 1962-ல எழுதின ஒரு சின்ன கணிதக் கட்டுரை. 2012-ல ராத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைச்சது. கேல் அதுக்கு முன்னாடியே காலமாயிட்டார்.

கணக்கு பயமுறுத்தறது இல்லை. மாணவி முதல் விருப்ப மையத்தின் கதவைத் தட்டறா. மையம் அவளைத் தற்காலிகமா உள்ளே உட்கார வைக்குது. அதைவிட அவங்களுக்குப் பிடிச்ச ஆள் பின்னாடி வந்தா, இவளை வெளியே அனுப்பும். இவ உடனே தன் இரண்டாவது கதவைத் தட்டுவா. அங்கேயும் முன்னாடி வந்தவனைவிட இவளை அவங்களுக்குப் பிடிச்சிருந்தா, அவன் எழுந்து இவளுக்கு இடம் கொடுக்கணும். லேட்டா வந்ததால இவளுக்கு எந்தக் குறையும் இல்லை. எல்லாரும் தட்டி முடிச்ச பிறகுதான் கதவு பூட்டப்படும்.

ஆக, மாணவர் உண்மையான விருப்ப வரிசையை எழுதறதுதான் அவருக்கு நல்லது. "அவங்க என்னை எடுக்க மாட்டாங்க, அதனால கீழே போடறேன்"னு கணக்குப் போடறது வீண் வேலை. இதை எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் நம்ப மாட்டேங்கறாங்க. ரெசிடென்சிக்குப் போற நம்ம டாக்டர் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: போகவே விருப்பமில்லாத இடத்தைப் பட்டியல்ல எழுதாதீங்க. பொருந்திடுச்சுன்னா இரண்டு பக்கமும் கட்டுப்பட்டே ஆகணும்.

கணக்கு முறை நியாயமானதுதான். ஆனா இல்லாத நாற்காலியைக் கணக்கு உண்டாக்காது இல்லையா?

1970-களுக்குப் பிறகு பிஎச்டி இல்லாம சைடி என்கிற தொழில்முறை முனைவர் படிப்பு பெருகிச்சு. பெரிய பெரிய தனியார் கல்லூரிகள் நிறைய மாணவர்களைச் சேர்த்தாங்க. இன்டர்ன்ஷிப் இடங்கள் அந்த வேகத்துல பெருகலை. பயிற்சி மாணவர் பார்த்த நோயாளிக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்கறது பல இடங்கள்ல சிக்கல். மேற்பார்வைக்கு ஒரு சீனியரை ஒதுக்கணும். எந்த மருத்துவமனை ஆசையா முன்வரும்? 2012-ல பட்டியல் கொடுத்தவங்க 4,000-க்கும் மேல. இடங்கள் 3,200-க்கும் கீழே. நூத்துக்கணக்கான பேர் ஒண்ணுமில்லாம நின்னாங்க. அவங்க மக்குப் பிள்ளைகளா? இல்லைங்க. ஆறு பேர் உட்கார அஞ்சு நாற்காலி போட்டா, யாரோ ஒருத்தர் நின்னுதானே ஆகணும்? அந்த வருஷம்தான் அமெரிக்க உளவியல் சங்கம் புது இடங்களை உருவாக்க 30 லட்சம் டாலர் வரை ஒதுக்கியது. 2017, 2018 வாக்கில் ஒரு வழியா இடங்களோட எண்ணிக்கை விண்ணப்பிக்கிறவங்களைத் தாண்டிச்சு.

"அப்போ ஏன்டா என் பொண்ணுக்குக் கிடைக்கலை?"னு நண்பன் அங்கேதான் குறுக்கே கேட்டான்.

மொத்தத்துல நாற்காலி போதும். ஆனா எந்த நாற்காலியில யார் உட்காரலாம்னு ஒரு கதை இருக்கே. மிகப் பெரிய பயிற்சி இடம் விஏன்னு சொன்னேன் இல்லையா? அங்கே இன்டர்னா சேர அமெரிக்கக் குடியுரிமை வேணும். ராணுவ மருத்துவமனைகளுக்கும் அப்படியே. மாணவர் விசாவுல போன பிள்ளைக்கு அந்தக் கதவுகள் தட்டறதுக்கு முன்னாடியே பூட்டு. மீதி இருக்கிறது பல்கலைக்கழக ஆலோசனை மையங்கள், மாநில மருத்துவமனைகள், சமூக மனநல மையங்கள், குழந்தைகள் மருத்துவமனைகள். அதுலயும் சில இடங்கள் விசா மாணவர்களை எடுக்கறதில்லை. கவுன்சலிங் சைக்காலஜி பிள்ளைகள் எல்லாரும் ஆசைப்படறது பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு. அங்கே கூட்டம் அதிகம்.

அவன் மகள் 15 இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தா. எண்ணிக்கையில் தப்பில்லை. அதுக்கு மேல அனுப்பறதால பெரிய லாபம் இல்லைன்னு ஆப்பிக்கே வருஷா வருஷம் சொல்லுது. ஆனா அந்தப் பதினைந்தில் நாலு இடம் பிரபலத்துக்காக. ரெண்டு, குடியுரிமை விதியைச் சரியா படிக்காம போட்டது. மிச்சம் ஒன்பது. அதுல எட்டும் ஒரே மாதிரி ஆலோசனை மையம், எல்லாமே பெரிய ஊர். இன்டர்வியூ வந்தது மூணுதான். இதை நான் விசாரிச்சுக் கேட்டப்போ அவ குரல்ல ஒரு தடுமாற்றம். திட்டறேன்னு நினைச்சுட்டா போல. திட்டலை. அஞ்சு வருஷத்துல யாரும் அவகிட்ட உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் பார்க்கலை. அதுதான் எனக்குக் கோபம்.

இதைப் படிக்கிற யாராவது வீட்டுல இந்தப் படிப்புல பிள்ளை இருந்தா, சில விஷயம். முதல் களப்பயிற்சி நாள்லயிருந்தே மணிக்கணக்கை எழுதி வைக்கச் சொல்லுங்க. நோயாளிகளை நேரடியா பார்த்தது எவ்வளவு, உளவியல் சோதனைகள் எவ்வளவு, மேற்பார்வை எவ்வளவுன்னு விண்ணப்பத்துல தனித்தனியா கேட்பாங்க. நாலு வருஷம் கழிச்சு ஞாபகத்துல இருந்து எழுதறது நடக்காத காரியம். கவுன்சலிங் பிள்ளைகள் பேச்சு சிகிச்சையில நிறைய மணி வச்சிருப்பாங்க. சோதனை செஞ்சு எழுதின முழு அறிக்கை நாலைஞ்சு கூட இருக்காது. மருத்துவமனைப் பக்கம் விண்ணப்பம் போகும்போது அது இடிக்கும்.

அப்புறம் அந்தக் கட்டுரைகள். தன்னைப் பத்தி ஒண்ணு, சிகிச்சைப் பார்வை பத்தி ஒண்ணு, பலவகை மக்களோட வேலை செஞ்ச அனுபவம் பத்தி ஒண்ணு, ஆய்வு பத்தி ஒண்ணு. ஒவ்வொண்ணும் 500 சொல்லுக்குள்ளே. பல வருஷமா இந்த நாலும்தான் விண்ணப்பத்தோட முதுகெலும்பு. நம்ம பிள்ளைகள் தன்னைப் பத்தி எழுதச் சொன்னா, சின்ன வயசுலயிருந்தே பிறருக்கு உதவ ஆசைன்னு தொடங்கிடறாங்க. படிக்கிறவர் ஒரே வாரத்துல அப்படி நூறு படிச்சிருப்பார். இவளும் அப்படித்தான் தொடங்கியிருந்தா. ஆனா அவளோட பாட்டி டிமென்ஷியாவுல அஞ்சு வருஷம் வீட்டுல இருந்தப்போ, அவங்களுக்குத் தினமும் பேப்பர் படிச்சுக் காட்டினது இவதான். அது எங்கேயும் இல்லை. "அதெல்லாம் எழுதலாமா அங்கிள்?"னு கேட்டா.

விண்ணப்பம் நவம்பர்ல. இன்டர்வியூ டிசம்பர், ஜனவரி. கொரோனாவுக்கு அப்புறம் பெரும்பாலும் வீடியோவில் நடக்கறதால விமானச் செலவு மிச்சம். பிப்ரவரி வெள்ளிக்கிழமை ரிசல்ட். இந்தியாவுல அது ராத்திரி நேரம். 2011-ல இருந்து இரண்டாவது சுற்று உண்டு. முதல் சுற்றுல மிஞ்சின இடங்களுக்கு அதே மாதிரி விண்ணப்பம், இன்டர்வியூ, பட்டியல், எல்லாம் சில வாரத்துல முடியும். மார்ச்ல ரிசல்ட். அதுக்கு முன்னாடி, மிஞ்சின இடத்துக்குப் பிள்ளைகள் மறுபடியும் பழைய மாதிரி போன் போட்டு அலைஞ்சாங்க.

அவளுக்கு நாங்க அந்த வாரக்கடைசி முழுக்க உட்கார்ந்து மிஞ்சின இடங்களோட பட்டியலைப் பார்த்தோம். நான் இங்கே, நண்பன் அவன் வீட்டுல, அவ அங்கே. குடியுரிமை விதி இருக்கிறதையெல்லாம் முதல்லயே அடிச்சோம். முதல் கட்டுரையை அவ தூக்கிப் போட்டுட்டு பாட்டியைப் பத்தி எழுதினா. முதியோர் பிரிவு இருக்கிற ஒரு மாநில மனநல மருத்துவமனையைப் பட்டியல்ல மேல வச்சா. பேர் கேள்விப்படாத ஊர். அவளோட வகுப்புத் தோழி ஒருத்தி, "அதை மேல வச்சா நல்ல இடம் போயிடும்"னு பயமுறுத்தினா. ஹெண்ட்ரென் கதையைச் சொல்லி அவளை அமைதிப்படுத்த வேண்டியதாச்சு.

மார்ச் கடைசியில, மறுபடியும் சாப்பாட்டு நேரம், மறுபடியும் அவன் போன். இந்தத் தடவை பாப்பாவே பேசினா. அந்த மருத்துவமனைதான். ஆகஸ்ட்ல சேரணும். "அங்கிள், அங்க குளிர் ரொம்ப ஜாஸ்தியாம்"னு சொன்னா. நான் ஸ்வெட்டர் வாங்கிக்கன்னு சொல்லிட்டு சாப்பிடப் போனேன்.